திருப்பதியின் எண் 9.78

சித்தூர், திருப்பதி வட்டாரக் கல்லூரிகளில் முதலாண்டு பௌதிகம் படிக்க வரும் மாணாக்கர் பரிசோதனைச் சாலையில் கற்றுக்கொள்ளும் முதற்பாடம் எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், எதிர்பார்க்கப்படும் விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கு இசைவான அளவீடுகளைத் தயாரித்து எழுதும் வித்தைதான் என்று மிகுந்த வருத்தத்தோடு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இதை இளைஞர்களின் ஒழுக்கக்கேடு என்று நான் கருதவில்லை. அவர்கள் நாணயமாகவே வருகிறார்கள். நாம் வகுத்து வைத்திருக்கும் விதிகளும், மதிப்பெண் பங்கீடும், வருஷக்கணக்காக யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்ட வழக்கங்களும் அவர்களை அந்த வழியில் கொண்டு செலுத்துகின்றன. ஆகவே விதிகளைத் திருத்துவதுதான் முதற்காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். இரண்டாகப் பிளந்த தக்கை, அந்தப் பிளவில் இறுக்கிய நூல், நூலின் முனையில் ஒரு பித்தளைக் குண்டு, இவற்றைத் தாங்க ஒரு தாங்கி, கையில் ஒரு நிறுத்து கடிகாரம், இவ்வளவே உபகரணம். ஊசலின் நீளத்தை ஒரு மீட்டராக வைத்து, குண்டைச் சிறிதே விலக்கி விட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடவேண்டும். மேசைக்கருகில் நின்று பார்த்தால், மாணவி ஒருத்தி குண்டை விடும் அதே கணத்தில் கடிகாரத்தை அழுத்திக்கொண்டு ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவதைக் காணலாம். பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டிய எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டபடியால், அவள் ‘இருபது’ என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தும்போது நிகழ்ந்திருப்பவை 19 அலைவுகளே. 40 விநாடிக்குச் சற்று மேலாக வந்திருக்கவேண்டிய நேரம் 38 விநாடியை ஒட்டி வருகிறது. கணக்கைப் போட்டு முடித்தால் விடை 10.8 என்று நிற்கிறது. அந்த எண்ணைக் கண்டதும் அவளுக்கு முகம் வாடிப்போகிறது. பையில் இருக்கும் சீனியரின் ரெக்கார்டில் அதே பரிசோதனைக்கு 9.8 என்ற விடையும், அதன்மேல் ஆசிரியரின் சிவப்பு மைக் குறியும் இருக்கின்றன. பென்சிலால் எழுதிய 38.2 ரப்பரால் அழிந்து 40.1 ஆகிறது, கீழே உள்ள வரிகளும் ஒவ்வொன்றாக அப்படியே மாறுகின்றன, மறுவாரம் ரெக்கார்டு நோட்டில் எல்லாம் அழகிய கையெழுத்தில் ஏறிக் கையொப்பமும் பெற்றுவிடுகின்றன.

அந்த 10.8 அழிக்கப்படாமல் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு மீட்டர் ஊசலில் 20க்குப் பதிலாக 19 அலைவுகளை எண்ணினால் விடை ஏறத்தாழ 10.8 என்றுதான் வந்தாகவேண்டும், நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப்போல, அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் “அம்மா, எங்கிருந்து எண்ணத் தொடங்கினாய்?” என்று கேட்டிருப்பார். குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் மேற்புறம் வரை மட்டும் அளந்துவிட்டு 99 சென்டிமீட்டர் என்று எழுதினால் விடை 9.68 ஆகத் தாழும். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தால் குண்டு நேர்கோட்டை விட்டு நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கும். அளவீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிதறும். (சித்திரை, வைகாசி வெயிலில் திருப்பதியில் விசிறியை நிறுத்தச் சொல்வது கடினமான கட்டளைதான், ஆயினும் அந்த ஒரு மேசைக்கு மேலுள்ள விசிறியையேனும் பத்து நிமிஷம் நிறுத்தத்தான் வேண்டும்.) ஒவ்வொரு பிழையும் தனக்கே உரிய அடையாளத்தை விடையில் விட்டுச் செல்கிறது, அந்த அடையாளத்தைக் கொண்டு காரணத்தைத் தேடிப் பிடிப்பதே பரிசோதனைக் கல்வியின் உயிர்நிலை. அளவீட்டை அழிக்கிறபோது மாணவி அந்தக் கல்வியையே அழித்துவிடுகிறாள். அழித்ததற்காகவே அவளுக்கு நாம் மதிப்பெண்ணும் தருகிறோம்.

இதில் வேறொரு விபரீதமும் அடங்கியிருக்கிறது. எந்த எண்ணுக்காக இவ்வளவும் நிகழ்கிறதோ அந்த எண்ணே நம் ஊருக்கு உரியதன்று. பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுக்கோட்டில் சற்றுப் பருத்தும் இருப்பதாலும், அது தன்னைத்தானே சுற்றுவதாலும், புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பாடநூல்கள் ஓதும் 9.81 லண்டனுக்கும் பாரிஸுக்கும் பொருத்தமானது. ஏறக்குறைய 13 பாகை 38 கலை வடக்கு அட்சரேகையில் இருக்கும் திருப்பதிக்குக் கணக்கிட்டால் விடை விநாடிக்கு விநாடி 9.78 மீட்டர் என்று வருகிறது. சித்தூருக்கும் இரண்டு தசமஸ்தானம் வரை அதே எண்தான். அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குப் போனால் மாறுதல் மூன்றாம் தசமஸ்தானத்தில்தான் தெரியும். எனவே திருப்பதியில் ஊசலை ஆட்டிவிட்டு மிகுந்த சிரத்தையோடு அளந்து 9.78 என்ற விடையைக் கண்ட ஒரு மாணவன், நூலில் உள்ளபடி இல்லையே என்று அதை 9.81 ஆகத் திருத்தி எழுதினால், அவன் சரியான விடையை அழித்துத் தவறான விடையை எழுதியவன் ஆகிறான். இந்த அநியாயம் யாருடைய கண்ணிலும் படாமல் நடந்துகொண்டே வருகிறது.

20 அலைவுகளைக் கொண்டு 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்தறிய முடியாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு மீட்டர் ஊசலுக்கு இவ்விரண்டு எண்களும் 20 அலைவுகளில் உண்டாக்கும் நேர வேறுபாடு 0.06 விநாடி, கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமோ அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. ஆகவே 20 அலைவுகளை அளந்த மாணவன் நேர்மையாக எழுதக்கூடியது ‘9.8, கூடக்குறைய 0.1’ என்பதுதான். அதற்குமேல் தெரிந்துகொள்ள விரும்பினால் 200 அலைவுகளை எண்ணவேண்டும். அதற்கு ஏழு நிமிஷம்கூட ஆகாது. அப்போது இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அரை விநாடிக்கு மேல் விரிந்து, விரலின் தாமதத்தை மீறிக் கண்ணுக்குப் புலனாகிவிடும். நீளத்தை மில்லிமீட்டர் வரை கவனமாக அளந்து, ஆட்டத்தின் வீச்சையும் சிறிதாக வைத்துக்கொண்டால், முதலாண்டு மாணவர் இருவர் ஒரே பிற்பகலில் நூலையும் குண்டையும் கொண்டே தம் ஊர் எந்த அட்சரேகைப் பகுதியில் இருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பைப் பெற்றுவிடலாம். இதைவிட மனக்கிளர்ச்சி தரும் பரிசோதனை எந்தக் கல்லூரியின் பூட்டிய பீரோவில் இருக்கிறது?

முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தவர்களும் ‘தவறான’ அளவீட்டை அழிக்க மறுத்தவர்களே. 1672ஆம் ஆண்டு பிரெஞ்சு வானசாஸ்திரி ழான் ரிஷே, பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேன் தீவுக்குப் பாரிஸிலிருந்து கொண்டுசென்ற ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்குவதைக் கண்டார். கடிகாரத்தைக் குறை சொல்லித் தள்ளிவிடாமல் அவர் குறித்து வைத்த அந்த வேறுபாடு, பூமியின் வடிவத்தைப் பற்றிய நியூட்டனின் ஆராய்ச்சிக்கு ஆதாரமாயிற்று. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. பி.எஸ்ஸி. பரிசோதனைப் பட்டியல்களில் இன்றும் இடம்பெறும் கேட்டர் ஊசலை உருவாக்கிய ஹென்றி கேட்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியில் லாம்டன் என்பவர் நடத்திய நிலஅளவைக்குத் துணையாக உழைத்தவர். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1818இல் தம் ஊசலைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். 1821இல் சென்னை வானோக்கு நிலையத்தின் கோல்டிங்ஹாம், விநாடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலின் நீளத்தைச் சென்னையில் அளந்தார்; லண்டனில் 39.14 அங்குலமாக இருந்த அந்த நீளம் இங்கே ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் அட்சரேகையில் அவ்வளவு நுட்பமாக அளந்து காட்டியிருக்கும்போது, இன்றைய மாணவனிடம் லண்டனின் எண்ணை எழுதச் சொல்வது தகுமா?

9.81க்கும் 9.78க்கும் உள்ள வேறுபாடு நூற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; இவ்வளவு சொற்பத்துக்காக இத்தனை விவாதம் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். சொற்பமான வேறுபாட்டின் பின்னாலும் பெரிய உண்மை மறைந்திருக்கலாம். ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும், அம்மோனியா முதலிய பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனையும் எடைபோட்டபோது, முன்னது நூற்றில் அரைப்பங்கு கனமாக இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. 1892இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் பகிரங்கமாக எழுதி, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த அரைப்பங்கின் பின்னால் ஒளிந்திருந்தது ஆர்கான் என்னும் வாயு. 1894இல் வேதியியல் அறிஞர் ராம்சேயோடு சேர்ந்து அதை வெளிக்கொணர்ந்தார். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் சி.வி. ராமனுடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த அவர், நம் கல்லூரிகளில் இன்றும் செய்யப்படும் பரிசோதனையான நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது, முப்பட்டகத்தின் முகத்தில் மிகவும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில், இருபுறமும் சமமாக இல்லாத விளிம்பு விளைவுப் பட்டைகள் தெரிவதைக் கண்டார். கோணத்துக்கும் அந்தப் பட்டைகளுக்கும் சம்பந்தமில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு அவை விடையும் அல்ல. ரெக்கார்டில் எழுதுவதற்கு இடமும் இல்லை. ஆயினும் அவர் நின்று பார்த்தார், தொடர்ந்து ஆராய்ந்தார், 1906 நவம்பரில், பதினெட்டு வயதில், லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஃபிலசாஃபிகல் மேகஸீன்’ சஞ்சிகையில் அவருடைய முதற்கட்டுரை அச்சாயிற்று. பிப்ரவரி 28ஆம் தேதி வந்ததும் தேசிய அறிவியல் தினம் என்று ராமனின் படத்துக்கு மாலையிட்டுச் சொற்பொழிவு ஆற்றுகிறோம். அதே மாதத்தில், அதே கட்டடத்தில், முப்பட்டகத்தின் கோணம் 60 பாகை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிடும் மாணவர்களைக் கண்டும் காணாதிருக்கிறோம்.

குறை எங்கே இருக்கிறது என்பதை மதிப்பெண் பங்கீடே காட்டிக்கொடுக்கும். ஆந்திரத்தில் 2015-16இல் புதிய தரப்புள்ளி முறை வந்தபோது பி.எஸ்ஸி. பௌதிகப் பாடத்திட்டத்தோடு வெளியான பங்கீட்டில், மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 50 மதிப்பெண். சூத்திரத்துக்கும் விளக்கத்துக்கும் 6; அட்டவணை, வரைபடம், சுற்றுப்படத்துக்கு 6; அளவீடுகளுக்கு 12; கணக்கீடு, முன்னெச்சரிக்கைகள், முடிவு ஆகியவற்றுக்கு 6; வைவா என்னும் வாய்மொழிக்கு 10; ரெக்கார்டுக்கு 10. அளவீட்டில் எவ்வளவு ஐயத்துக்கு இடமிருக்கிறது என்று கணித்து எழுதுவதற்கென்று ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கப்படவில்லை. இத்தனைக்கும் அதே பாடத்திட்டத்தில், அலைவுகள் பற்றிய பகுதியில், தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பலமுறை அளந்து பிழைகளின் பரவலையும் சராசரியின் பிழையையும் புள்ளியியல் முறையில் கணிக்கும் அருமையான பரிசோதனை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. பாடத்தை வகுத்தவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது; மதிப்பெண்ணைப் பங்கிட்டபோது அது நழுவிவிட்டது. மாணவனோ மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போவான். அதில் அவனைக் குறை கூற இடமில்லை.

ஆகையால் பரிசோதனை வகுப்பின் விதிகள் முதல் நாளிலேயே மாணவர்களுக்குப் படித்துக் காட்டப்படவேண்டும் என்றும், அவற்றுள் முதல் விதி அளவீட்டைப் பற்றியதாக இருக்கவேண்டும் என்றும் சொல்லுவேன். அப்சர்வேஷன் நோட்டில் அளவீடுகளைப் பேனா மையினால் மட்டுமே எழுதவேண்டும்; தவறென்று தோன்றியதை அழிக்காமல், கீழே என்ன எழுதியிருந்தது என்பது தெரியும்படி ஒற்றைக் கோட்டினால் அடித்து, ஏன் தவறென்று நினைத்தோம் என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதவேண்டும்; அன்று அறையை விட்டுப் போகுமுன் ஆசிரியர் அந்தப் பக்கத்தில் தேதியிட்டுக் கையொப்பமிடவேண்டும். விடை நூலில் உள்ள எண்ணுக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு மதிப்பெண்ணே கூடாது. எவ்வளவு ஐயத்தோடு அந்த விடையைச் சொல்லலாம், எதிர்பார்த்ததினின்று விலகியிருந்தால் அதற்கு என்ன காரணம் இருக்கலாம், அந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்க்க அடுத்து என்ன செய்யலாம் என்பவற்றுக்கே மதிப்பெண் சேரவேண்டும். 10.8 என்று எழுதிவிட்டு, ‘எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன்’ என்று தானே கண்டுபிடித்து எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் தருவதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை.

ரெக்கார்டு என்னும் வழக்கத்தை எடுத்துவிடலாம் என்பதும் என் கருத்து. பருவத்தின் இறுதியில் விடுதி அறைகளில் இரவெல்லாம் விழித்திருந்து, நோக்கம், தேவையான கருவிகள், தத்துவம், செய்முறை, முன்னெச்சரிக்கைகள் என்று ஒரே வாசகத்தை வருஷத்துக்கு வருஷம் பெயர்த்தெழுதும் அந்த உழைப்பினால் யாருக்கும் பௌதிகம் வரவில்லை, விரல்தான் வலிக்கிறது. பரிசோதனை நடந்த நாளன்றே எழுதிக் கையொப்பமான நோட்டே ரெக்கார்டாக இருக்கட்டும். அதில் கறை இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்கும். அவை உழைத்ததற்குச் சாட்சியங்கள். தேர்வுக்கு வரும் வெளிக் கல்லூரி ஆசிரியருக்கும் இதை உணர்த்தவேண்டும். அட்டை போட்டு அலங்கரித்த நோட்டை மெச்சும் பழக்கம் அவர்களிடமும் மாறவேண்டும்.

வராத மாணவனைப் பற்றிய விதி இன்னும் முக்கியமானது. காய்ச்சலினாலோ, வீட்டு விசேஷத்தினாலோ, பஸ் கிடைக்காமலோ ஒரு நாள் பரிசோதனையைத் தவறவிட்டவன், பெரும்பாலும் நண்பனின் ரீடிங்கைப் பார்த்து எழுதித்தான் கணக்கை நிறைவு செய்கிறான். மீண்டும் செய்வதற்கு நாளும் மேசையும் அவனுக்கு ஒதுக்கப்படாதபோது வேறென்ன செய்வான்? இத்தனை பரிசோதனைகள் நோட்டில் இருக்கவேண்டும் என்று நிர்ப்பந்தித்துவிட்டு, செய்ய வழியில்லாமல் வைத்திருப்பது, பொய்க் கணக்கை எழுதச் சொல்லி நாமே உத்தரவிடுவதற்குச் சமானம். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வாரங்களை விடுபட்ட பரிசோதனைகளுக்கென்றே ஒதுக்கி வைக்கவேண்டும். அதற்கு நேரம் போதாதென்றால் பட்டியலில் உள்ள பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். எட்டைச் சரியாகச் செய்தவன் பன்னிரண்டைப் பெயருக்குச் செய்தவனைவிட எவ்வளவோ மேல்.

மேசைக்கு இருவர் என்பது நல்ல ஏற்பாடு. அளவீடு இருவருக்கும் பொது. கணக்கும் விளக்கமும் அவரவருக்குச் சொந்தம். இந்த எல்லைக்கோட்டை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டால், எது கூட்டுறவு, எது களவு என்ற குழப்பம் நீங்கும். செய்யாத அளவீட்டைச் செய்ததாக எழுதுவதுதான் அந்த அறையில் செய்யக்கூடிய மிகப் பெரிய குற்றம் என்பதும், கருவி உடைந்துபோவது குற்றமே ஆகாது என்பதும் விதியாக வேண்டும். பல கல்லூரிகளில் இது தலைகீழாக இருக்கிறது. நிறமாலைமானியின் கண்ணருகு வில்லையில் கீறல் விழுந்தால் அபராதம். பொய் அளவீட்டுக்குக் கையொப்பம். அபராதத்துக்கு அஞ்சி மாணவன் கருவியைத் தொடவே தயங்குகிறான். ஆசிரியரும் கணக்குத் தணிக்கைக்கு அஞ்சி நல்ல கருவிகளைப் பூட்டி வைக்கிறார். நேர்மையாக வேலை செய்கையில் உடைந்ததற்குக் கல்லூரி பொறுப்பேற்கவேண்டும். நேரத்துக்கு வருதல், மின்சாரத்திலும் லேசரிலும் எச்சரிக்கையாக இருத்தல், முடிந்ததும் மேசையை ஒழுங்கு செய்தல் முதலியவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவை எங்கும் உள்ளவை, நன்றாகவே நடந்தும் வருகின்றன.

பாஷையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் பிரதேசத்தின் உண்மை நிலையைச் சொன்னதாகாது. 2021-22ஆம் கல்வியாண்டு முதல் ஆந்திரத்தின் பட்டக் கல்லூரிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆக்கப்பட்டது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளிலிருந்து வரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, நோட்டில் ஆங்கிலம். ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் அது உதவும். ஆனால் தான் கண்டதைத் தன் வாக்கியத்தில் எழுத முடியாத மாணவன் பிறருடைய வாக்கியத்தைப் பார்த்து எழுதுவான். வாக்கியத்தைப் பார்த்து எழுதும் கை, எண்ணையும் பார்த்து எழுதும். ஆகவே, சூத்திரமும் அட்டவணையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ‘என்ன பார்த்தேன், எதில் சந்தேகம்’ என்று எழுதும் பத்தியைத் தெலுங்கிலோ தமிழிலோ எழுதுவதற்கு அனுமதி வேண்டும். வைவாவிலும், “குண்டு ஏன் வட்டமாகச் சுற்றுகிறது?” என்ற கேள்விக்கு, “மேலே ஃபேன் ஓடுது சார், அந்தக் காத்துல” என்று ஒரு மாணவன் பதில் சொன்னால், அதைப் பௌதிகமாகவே ஏற்றுக்கொள்ளவேண்டும்.

ஆசிரியர்களின் சிரமத்தை நான் அறியாதவன் அல்லன். ஒரே ஆசிரியர் ஒரு பெரிய பேட்சைக் கவனிக்கவேண்டியிருக்கிறது. கருவிகளை எடுத்து வைக்க ஆள் இல்லை. தாற்காலிக நியமனத்தில் இருப்பவருக்கு அடுத்த வருஷம் வேலை உண்டா என்பதே தெரியாது. இடைநிலைக் கல்வியில் பௌதிகச் செய்முறைக்கு இரண்டாம் ஆண்டில் 30 மதிப்பெண் என்று ஏற்பாடு இருந்தாலும், நுழைவுத் தேர்வுப் பயிற்சியே சகலமும் ஆகிவிட்ட தனியார் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களில் பலர் திருகு அளவியைக் கையில் வைத்துச் சுழிப்பிழையைப் பார்க்காதவர்கள். இந்நிலையில் புதுச் சுமையை ஏற்றுவது நியாயமா என்று கேட்கலாம். நான் சொல்லும் மாறுதலில் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு திருத்தும் வேலை அடியோடு போய்விடுகிறது. அந்த நேரம் மேசையருகே நின்று கேள்வி கேட்பதற்குக் கிடைக்கிறது. புதிய கருவியும் தேவையில்லை. நூலும் குண்டும் எல்லாக் கல்லூரியிலும் இருக்கின்றன.

திருப்பதி இன்று வித்தியா நகரம். 1945இல் தேவஸ்தானம் நிறுவிய கல்லூரியும், 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015இல் வந்த ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டு வந்த ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. சித்தூர்ச் சாலையில் பாகாலைக்கு அருகே காதங்கி கிராமத்தில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ராடார் இருக்கிறது. 1024 ஆண்டெனாக்களை வரிசையாக நிறுத்தி, 53 மெகா ஹெர்ட்ஸ் அலைகளை வானத்துக்கு அனுப்பி, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் சிறு கலக்கங்களிலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியைப் பிடித்துக் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். அங்கே பின்னணி இரைச்சலிலிருந்து எதிரொலியைப் பிரித்தறிவதும், எவ்வளவு நம்பலாம் என்று கணிப்பதுமே பாதி வேலை. எதிர்பார்த்த விடையை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவனுக்கு அந்தக் கூடத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததே. அந்த இடங்களுக்குப் போகவேண்டிய பிள்ளைகள் நம் முதலாண்டு வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பாடத்திட்டக் குழுவினரையும், தன்னாட்சி பெற்ற கல்லூரிகளின் துறைத்தலைவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் செய்முறைத் தேர்வின் 50 மதிப்பெண்ணில் ரெக்கார்டுக்கு உரிய பத்தை எடுத்து, அளவீட்டின் ஐயத்தைக் கணிப்பதற்கும் விலகலுக்குக் காரணம் காண்பதற்கும் கொடுங்கள். விடுபட்ட பரிசோதனைகளுக்கு நாள் ஒதுக்குங்கள். பரிசோதனைச் சாலையின் சுவரில் 9.81க்குப் பதிலாக உங்கள் ஊரின் எண்ணை எழுதி வைக்காமல், அதை மாணவர்களே 200 அலைவுகளை எண்ணிக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மகனோ மகளோ நோட்டில் அடித்தல் திருத்தலோடு குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தால், கோபிப்பதற்கு முன், அந்த அளவீடு தானே எடுத்ததா என்று கேளுங்கள், ஆம் என்றால் மனதாரப் பாராட்டுங்கள்.